செய்முறைப் பரீட்சையும் பொய்க்கணக்கும்

நமது பள்ளிக்கூடங்களிலும் காலேஜுகளிலும் பௌதிக சாஸ்திரம் படிக்கும் பிள்ளைகளுக்கு வருஷந்தோறும் செய்முறைப் பரீட்சை என்பதாக ஒன்று நடந்து வருகின்றது. புத்தகத்தில் படித்ததைக் கையால் செய்து, கண்ணால் பார்த்து, தானே அளந்து தெரிந்து கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம் என்று சொல்லப்படுகின்றது. நோக்கம் நல்ல நோக்கந்தான். ஏட்டில் எழுதியிருக்கின்றது என்பதற்காகவே ஒன்றை நம்ப வேண்டியதில்லை, நீயே சோதித்துப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகின்ற இடம் பள்ளிக்கூடத்தில் அந்த ஓர் அறைதான் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த அறைக்குள் உண்மையில் நடப்பது என்ன என்பதைச் சற்று யோசித்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்ளுகின்றோம்.

ஒரு மின்சாரத் தடையின் அளவைக் காண வேண்டும் என்று பையனுக்குச் சோதனை கொடுக்கப்படுகின்றது. தடை 100 ஓம் என்பது அவனுக்கு முன்னமே தெரியும். அதன் உடம்பில் உள்ள வர்ணக் கோடுகளே சொல்லிவிடும். இல்லாவிட்டால் போன வருஷம் படித்தவனுடைய ரெக்கார்டு நோட்டு சொல்லிவிடும். ஆகவே அவன் வோல்ட்மீட்டர் பத்தியில் 1, 2, 3, 4 என்று வரிசையாக எழுதிக் கொண்டு, ஒவ்வொன்றையும் 100-ஆல் வகுத்து அம்மீட்டர் பத்தியை நிரப்பிவிடுகின்றான். எல்லாம் ஒன்றுபோலிருந்தால் சந்தேகம் வருமே என்று ஓரிடத்தில் 99.8 என்றும் மற்றோரிடத்தில் 100.3 என்றும் வரும்படி கொஞ்சம் தட்டிக் கொட்டி வைக்கின்றான். வரைபடம் போட்டால் புள்ளிகளெல்லாம் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நிற்கின்றன. அவனுக்கு முழு மார்க்கு கிடைக்கின்றது. பக்கத்து மேஜையில் நிஜமாகவே முள்ளைப் பார்த்து எழுதினவனுக்கோ ஒரு தடவை 105, ஒரு தடவை 98, ஒரு தடவை 103 என்று வருகின்றது. "தப்பாக வந்திருக்கின்றதே, மறுபடியும் செய்" என்று அவன் அதட்டப்படுகின்றான். எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் எல்லா உபாத்தியாயர்களும் இப்படியே என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பௌதிகம் படித்து வெளியே வந்த யாரையும் தனியே அழைத்துக் கேட்டால், இது தனக்குத் தெரியாத சங்கதி என்று சொல்லுகிறவர் வெகு சிலராகத்தான் இருப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதட்டு வாங்கிய பிள்ளைதான் சோதனையைச் சரியாகச் செய்தவன் என்பதாகும். அது எப்படி என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

(ஓம் என்றவுடன் யாரும் கண்ணை மூடிக் கொண்டு உட்கார்ந்துவிட வேண்டாம். இது மந்திரமல்ல, ஜெர்மனி தேசத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவருடைய பெயர். அவருடைய சங்கதியைப் பின்னால் சொல்லுகின்றோம்.)

பள்ளிக்கூட மேஜையில் இருக்கும் வோல்ட்மீட்டர் 10 வோல்ட் வரையில் காட்டுவது என்றும், அதன் முகத்தில் உள்ள சிறு கோடு ஒவ்வொன்றும் 0.2 வோல்ட் என்றும் வைத்துக் கொள்ளுவோம். அம்மீட்டர் 100 மில்லி ஆம்பியர் வரையில் காட்டுவது. அதில் ஒரு சிறு கோடு 2 மில்லி ஆம்பியர். முள் 4 வோல்ட்டிலும் 38 மில்லி ஆம்பியரிலும் நிற்கின்றது. வகுத்தால் கால்குலேட்டர் 105.2631579 என்று காட்டும். பையன் 105.263 ஓம் என்று எழுதுகின்றான். இந்தக் கடைசி மூன்று எண்கள் எங்கிருந்து வந்தன? முள்ளிலிருந்து வந்தனவா? கால்குலேட்டரிலிருந்து வந்தனவா? கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் முள் நின்றால் பாதிக் கோடு வரைக்குந்தான் கண்ணால் நம்பிக்கையாகச் சொல்ல முடியும். பாதிக் கோடு என்றால் வோல்ட்டில் 0.1; அது நாலு வோல்ட்டில் 2.5 சதவிகிதம். ஓட்டத்தில் பாதிக் கோடு 1 மில்லி ஆம்பியர். அது 38-இல் 2.6 சதவிகிதம். இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டால் ஏறக்குறைய 5 சதவிகிதம். ஆகவே அவன் யோக்கியமாகச் சொல்லக் கூடியதெல்லாம் "105 ஓம், 5 ஓம் கூடவோ குறையவோ இருக்கலாம்" என்பதுதான். அதாவது 100-க்கும் 110-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கின்றது. (இரண்டு சந்தேகங்களும் ஒரே பக்கம் சாய்வது அபூர்வமாதலால், அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் 4 ஓம் என்று வரும்.)

இது கண்ணுடைய சந்தேகம் மட்டும். கருவியினுடைய சந்தேகம் வேறு இருக்கின்றது. மீட்டரின் முகத்தில் ஒரு மூலையில் 2.5 என்றோ 1.5 என்றோ பொடி எழுத்தில் போட்டிருப்பதை அநேக பிள்ளைகள் பார்த்திருக்கவே மாட்டார்கள். 2.5 என்றால், அந்த மீட்டர் தன் முழு அளவில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு வரை தவறிப் போகலாம் என்று செய்தவனே ஒப்புக் கொண்டிருக்கின்றான் என்று அர்த்தம். 100 மில்லி ஆம்பியர் மீட்டரில் அது 2.5 மில்லி ஆம்பியர். முள் 90-இல் நின்றால் அது பெரிய காரியமல்ல. முள் 10-இல் நின்றால் அதுவே கால் பங்கு பிசகு! எனவேதான் முள் மேல்கோடியை ஒட்டி நிற்கும்படி மீட்டரைத் தேர்ந்தெடுத்துக் கொள்ள வேண்டும் என்று சொல்லுகின்றார்கள். மேலே சொன்ன நமது கணக்கில் இதையும் சேர்த்தால், கருவிகளின் பேரால் மட்டும் 13, 14 ஓம் முன்பின் ஆகிவிடும். தடையோ, பழுப்பு, கறுப்பு, பழுப்பு, கடைசியில் தங்க நிறம் என்று கோடு போட்டுக் கொண்டு உட்கார்ந்திருக்கின்றது. தங்க நிறத்துக்கு 5 சதவிகிதம் என்பது அர்த்தம். "நான் 100 ஓம், ஆனால் 95-ஆகவும் இருக்கலாம், 105-ஆகவும் இருக்கலாம்" என்று அந்தச் சிறு சாமானே தன் உடம்பில் எழுதிக் காட்டுகின்றது. சில காசு பெறுமான சாமானுக்கு இருக்கும் நாணயம், அதை அளந்து பரீட்சை எழுதுகிறவனிடத்தில் இருக்கக் கூடாது என்று நாம் ஏன் பழக்கி வைக்க வேண்டும் என்று கேட்கின்றோம். 98, 103, 105 என்று எழுதின பிள்ளை தவறு ஒன்றும் செய்யவில்லை. அவனுடைய எல்லைக்குள் 100-ம் அடங்குகின்றது. 100.0, 99.8, 100.3 என்று எழுதினவன்தான் அந்த மீட்டர்களால் யாராலும் காண முடியாத ஒன்றைக் கண்டதாகச் சொல்லியிருக்கின்றான்.

இந்தக் காலத்தில் முள் எங்கே இருக்கின்றது, மல்டிமீட்டர் வந்து எண்ணாகவே காட்டிவிடுகின்றதே என்று சிலர் சொல்லக்கூடும். எண்ணாகக் காட்டுவதால் ஏமாற்றம் அதிகப்பட்டிருக்கின்றதே ஒழியக் குறைந்துவிடவில்லை. 105.3 என்று பளிச்சென்று எரிந்தால் அந்த .3-ம் சத்தியம் என்று தோன்றிவிடுகின்றது. பெட்டியோடு வந்த கைப்புத்தகத்தைத் திறந்து பார்த்தால், உதாரணமாக, 0.8 சதவிகிதமும் கடைசி எண்ணில் 2-ம் முன்பின் ஆகலாம் என்றிருக்கும். அப்படியானால் அது 104-ஆகவும் இருக்கலாம், 106-ஆகவும் இருக்கலாம். கம்பி முனைகளின் தடை வேறு அதில் சேர்ந்து கொள்ளும். கைப்புத்தகத்தைத் திறக்கிறவர் யார்?

நிற்க, இதுவரை சொன்னது ஒரு வகைச் சந்தேகம். இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. வோல்ட்மீட்டருக்கும் சொந்தத்தில் ஒரு தடை உண்டு. அது 10,000 ஓம் என்று வைத்துக் கொண்டு, அளக்க வேண்டிய தடையும் 10,000 ஓம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வோல்ட்மீட்டரைத் தடையின் இரு முனைகளிலும் மாட்டி, இரண்டுக்கும் போகின்ற மொத்த ஓட்டத்தை அம்மீட்டர் காட்டும்படி இணைத்தால், ஓட்டம் சரிபாதியாகப் பிரிந்து போகும். கணக்கில் 5,000 ஓம் என்று வரும். பாதிக்குப் பாதி தப்பு! மறுபடியும் செய்தால் மறுபடியும் 5,000. பத்துத் தடவை செய்தாலும் 5,000. பத்தும் ஒத்துப் போவதைக் கண்டு பையன் மனம் பூரித்துப் போவான். வகுப்பில் உள்ள அத்தனை பேரும் அதே இணைப்பைப் போட்டால் அத்தனை பேருக்கும் 5,000-தான். எல்லோரும் ஒன்றுபோல் சொல்லுகின்றார்களே, பொய்யாகுமா என்று கேட்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதற்கு இந்த ஒரு மேஜையே போதும். முள்ளின் நடுக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சராசரி எடுத்துக் குறைத்துவிடலாம். இணைப்பில் உள்ள தவற்றை எத்தனை தடவை திரும்பச் செய்தும் குறைக்க முடியாது. அதை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அம்மீட்டரை இடம் மாற்றிப் போட்டு, அப்போது வரும் எண் வேறாக இருந்தால் ஏன் வேறாயிற்று என்று கேட்க வேண்டும். அதே வோல்ட்மீட்டரோடு 100 ஓம் தடையை அளந்தால் 99 என்று வரும். அங்கே இந்தத் தவறு கண்ணுக்கே தெரியாது. ஆக, எந்தத் தவறு எங்கே பெரிது, எங்கே பொருட்படுத்தத் தக்கதல்ல என்று தெரிந்து கொள்வதில்தான் அறிவு இருக்கின்றது.

மீட்டர் பாலம் என்று ஒரு மீட்டர் நீளக் கம்பியை வைத்துச் செய்யும் சோதனையிலும் இதே சங்கதிதான். கால்வனாமீட்டரில் ஓட்டம் காட்டாத இடத்தை 1 மில்லிமீட்டர் முன்பின்னாகக் குறித்துவிட்டால், அந்த இடம் 50 சென்டிமீட்டரில் இருக்கும்போது விடையில் 0.4 சதவிகிதந்தான் பிசகும். 5 சென்டிமீட்டரில் இருந்தால் 2 சதவிகிதத்துக்கு மேல் போய்விடும். நடுவில் வரும்படி செய் என்று உபாத்தியாயர் சொல்லுகின்றார், பிள்ளைகளும் செய்கின்றார்கள். ஏன் என்று கேட்ட பிள்ளை எத்தனை, சொன்ன உபாத்தியாயர் எத்தனை?

இனி அந்த ஜெர்மானிய உபாத்தியாயருடைய சங்கதிக்கு வருவோம். கியார்க் சைமன் ஓம் என்பவர் கொலோன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கும் பௌதிகமும் சொல்லிக் கொடுத்து வந்தார். 1825-ஆம் வருஷத்தில் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையில் இன்றைக்கு அவர் பேரால் வழங்கும் விதி இல்லை. அதில் இருந்தது வேறொரு சூத்திரம். லாகரிதம் போட்ட சூத்திரம். அது தவறு. ஏன் தவறிற்று என்றால், அவர் உபயோகித்த அந்தக் காலத்து மின்கலம் ஓட்டத்தை எடுக்க எடுக்கச் சோர்ந்து போகக் கூடியது. கம்பியை மாற்றியதால் ஓட்டம் குறைந்ததா, கலம் சோர்ந்ததால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாமலிருந்தது. பிறகு பொக்கெண்டார்ப் என்பவர் சொன்ன யோசனையின்மேல், கலத்தை ஒதுக்கிவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் சேர்த்து, ஒரு சந்தியைக் கொதிக்கும் தண்ணீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதில் பிறக்கின்ற சோராத ஓட்டத்தைக் கொண்டு, நீளம் வேறுவேறான எட்டுக் கம்பிகளை மாட்டிப் பார்த்தார். 1826-இல் உண்மையான விதி கிடைத்தது. 1827-இல் அதைப் புத்தகமாகப் போட்டார். லண்டன் ராயல் சொசைட்டியார் அவருக்கு மெடல் கொடுத்தது 1841-இல். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஓம் தன் ரீடிங்குகளைத் தன் முதல் சூத்திரத்துக்குத் தகுந்தபடி தட்டிக் கொட்டி வைத்திருப்பாரானால் அந்த விதி அவருக்குக் கிடைத்திருக்காது. இப்பொழுது அந்த விதியை "சரிபார்ப்பதற்காக" நமது பிள்ளைகள் ரீடிங்கைத் தட்டிக் கொட்டுகின்றார்கள்!

இந்தக் குணம் பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிடுவதாகவும் எண்ண வேண்டாம். எலெக்ட்ரான் ஒன்றின் மின்சார அளவை அமெரிக்கப் பேராசிரியர் மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்து, 1913-இல் தமது எண்ணையும் அது முன்பின் ஆகக்கூடிய எல்லையையும் வெளியிட்டார். எல்லை ஏறக்குறைய 0.2 சதவிகிதம் என்று போட்டிருந்தார். உண்மை அளவோ அதைப்போல் மூன்று பங்கு தூரத்தில், 0.6 சதவிகிதம் அதிகமாக இருந்தது. காற்றின் பிசுபிசுப்புக்கு அவர் எடுத்துக் கொண்ட எண் சரியில்லை என்பதே காரணம். பின்னால் அளந்தவர்கள் உடனே சரியான எண்ணுக்கு வந்துவிடவில்லையாம்; ஒருவர் கொஞ்சம் கூட்டிச் சொல்ல, அடுத்தவர் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்ல, இப்படியாக மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தார்களாம். தமக்கு வந்த எண் மில்லிகனுடையதற்கு வெகு தூரத்தில் இருந்தால், நம்மிடம் என்ன தப்பு என்று தேடித் தேடிப் பார்ப்பது. கிட்டத்தில் இருந்தால் அவ்வளவாகத் தேடாமல் விட்டுவிடுவது. 1974-இல் கலிபோர்னியாவில் மாணவர்களுக்குச் செய்த பிரசங்கத்தில் ரிச்சர்டு பெயின்மன் இதை எடுத்துச் சொல்லி வெட்கப்பட்டிருக்கின்றார். நோபல் பரிசு வாங்கினவருடைய பேர் கல்வி கற்றவர்களுடைய கையையும் இப்படிப் பிடித்திழுக்குமானால், மார்க்குக்காக ஏங்கும் பதினேழு வயதுப் பிள்ளையைப் புத்தகத்தின் எண் எப்படிப் பிடித்திழுக்காது?

"விஞ்ஞானிகளே நிச்சயமில்லை, முன்பின் ஆகலாம் என்றுதானே சொல்லுகின்றார்கள், அப்படியிருக்க ஜோசியனை மட்டும் ஏன் பரிகாசம் செய்கின்றீர்கள்?" என்று கேட்கிறவர்களும் நம்மிடை இருக்கின்றார்கள். ஜோசியன் முன்பின் என்று சொல்லுகின்றானே ஒழிய எவ்வளவு என்று சொல்லுகின்றானா? "105, 5 கூடவோ குறையவோ" என்று சொல்லுகிறவன், 120 என்று நிரூபணமானால் தோற்றுப் போனேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கின்றான். சந்தேகத்துக்கு அளவு குறிப்பதென்றால் அகப்பட்டுக் கொள்ளச் சம்மதிப்பது என்று பொருள். அந்தச் சம்மதம் எந்த ஜாதகத்தில் இருக்கின்றது? சர்வதேச ஸ்தாபனங்கள் பல கூடி 1993-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், அளந்த எண்ணோடு அதன் நிச்சயமின்மையையும் சேர்த்துச் சொன்னால்தான் அளந்தது முழுமையாகும் என்பதே அடிப்படையாக இருக்கின்றது.

போகட்டும், ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலு பொய் எண் எழுதிவிட்டதால் உலகம் முழுகிவிடுமா என்று கேட்கலாம். அந்தப் பையன் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லையே! அவன் நாளைக்கு ஒரு கட்டடத்துக்கு மின்சாரப் பரிசோதனை செய்து கையெழுத்துப் போடப் போகின்றான். தரையில் புதைத்த எர்த் கம்பியின் தடை மழைக்காலத்தில் மண் நனைந்திருக்கும்போது குறைந்தும், கோடையில் மண் காய்ந்திருக்கும்போது கூடியும் இருப்பது இயற்கை. ரிஜிஸ்தரில் வருஷா வருஷம், கோடையானாலும் மழையானாலும், ஒரே எண் அச்சடித்தாற்போல் எழுதியிருந்தால் யாரும் மீட்டரை வெளியே எடுக்கவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கின்றது. அந்த எண்ணை நம்பிக் கொண்டுதான் மழையில் நனைந்த கையோடு ஒருவன் மோட்டார் சுவிட்சைத் தொடுகின்றான். எந்த எண் வர வேண்டுமோ அந்த எண்ணை எழுதிவிடுவது என்ற வித்தையை அந்தக் கையெழுத்துக்காரன் முதன்முதலில் எங்கே கற்றுக் கொண்டான்?

ஆகவே நாம் பிள்ளைகளைக் குற்றம் சொல்லவில்லை. பரீட்சை வைக்கிறவர்கள் எதற்கு மார்க்கு கொடுக்கின்றார்களோ அதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள். புத்தகத்து எண்ணுக்குக் கிட்டத்தில் வந்ததற்கு மார்க்கு என்று வைத்துவிட்டு, பிள்ளைகள் ஏமாற்றுகின்றார்கள் என்று கூச்சல் போடுவதில் என்ன பிரயோஜனம்? நேரமில்லை, கருவியில்லை என்று சொல்லப்படுவதும் சரியான சமாதானமாகாது. ரீடிங் எழுதும் அட்டவணையில் முன்பின் எவ்வளவு என்று ஒரு பத்தியைக் கூட்டிக் கோடு போட்டுக் கொள்ளப் புதுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தடையின் மேலுள்ள வர்ணக் கோடுகளின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தைச் சுற்றி ஒட்டிவிடுவதற்கு எந்த நிதியும் வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு 100 ஓம், மற்றொரு பிள்ளைக்கு 82, இன்னொரு பிள்ளைக்கு 120 என்று கலைத்துக் கொடுத்து, எது எவனிடம் இருக்கின்றது என்ற குறிப்பைப் பரீட்சகர் தம் மேஜைக்குள் வைத்துப் பூட்டிக் கொள்ளட்டும். பிள்ளை சொன்ன எல்லைக்குள் உண்மை எண் விழுகின்றதா என்று பார்த்து மார்க்கு போடட்டும். அப்படியானால் ஒரு கெட்டிக்காரன் "100 ஓம், ஆயிரம் ஓம் கூடவோ குறையவோ" என்று எழுதித் தப்பித்துக் கொள்ள மாட்டானா என்று கேட்கலாம். எழுதட்டுமே! அந்த ஆயிரம் எந்த மீட்டரின் எந்தக் கோட்டிலிருந்து வந்தது என்று பரீட்சகர் அவனைக் கேட்கட்டும்.